பக்கத்துக் குழுவின் கையெழுத்து

போட மாட்டேன்னா போட மாட்டேன்தான், டைரக்டர் சார். அந்தப் பேனாவ முதல்ல மூடிப் பாக்கெட்ல வைங்க. மை சொட்டி யார் சட்டையிலயாவது பட்டுச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். இந்தப் பக்கம் நிக்காதீங்க, நீராவி அடிக்கும். துணி தொங்குதே, அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் போங்க. ம், அங்கயே நில்லுங்க. உக்கார நாற்காலியெல்லாம் இல்ல, இது சலவைக் கடை. நாற்காலி வேணும்னா ஹால்லேர்ந்து தூக்கிட்டு வாங்க, அதுல உங்க ஆளுங்களுக்கு நல்ல பழக்கம்தானே.

அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடுவாங்களா? தெரியும். போன வாரமே எங்க பாட்டுக் குழு அப்ளிகேஷனக் கொண்டுபோய், நிதி குடுக்கற அந்த அறக்கட்டளை ஆபீஸ்ல நேர்ல குடுத்தவ நான். கடைசி நாள் வரைக்கும் ஒத்திகை, விவாதம், டீன்னு உக்காந்துட்டு, இப்ப வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தா நான் என்ன பண்றது. எனக்கும் வேலை இருக்கு. ஆஸ்பத்திரி கோட்டு அத்தனையும் சாயங்காலத்துக்குள்ள இஸ்திரி போட்டு முடிச்சாகணும். உங்க கலை காத்திருக்கும், டாக்டருங்க காத்திருக்க மாட்டாங்க.

அநியாயமா? எது அநியாயம்? உங்க சிபாரிசு எனக்கு வந்தாச்சு, இப்ப என் சிபாரிசு உங்களுக்கு வரணும், அதானே. நான் என்ன உங்ககிட்ட கைமாத்தா வாங்குனேன்? நீங்களாத்தானே வந்தீங்க. வாசல்ல பைக்க நிறுத்தி, சீட்டு மேலயே பேப்பர வச்சு, என்ன எழுதியிருக்குன்னுகூடப் பாக்காம கிறுக்கிக் குடுத்துட்டுப் போனீங்க. நாங்க நிலாவுல போய்ப் பாடப் போறோம்னு அதுல இருந்திருந்தாலும் போட்டிருப்பீங்க. நான் அப்படி இல்ல. படிச்சுட்டுத்தான் போடுவேன். நேத்து நீங்க குடுத்துவிட்ட அப்ளிகேஷன் கட்ட ஒரு பக்கம் விடாமப் படிச்சேன். படிச்சதாலதான் போட மாட்டேங்கறேன்.

இந்த விதிய எந்தப் புண்ணியவான் எழுதுனானோ, அவன் துணிய மட்டும் என் கடைக்கு அனுப்பச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன். நிதி கேக்கற ஒவ்வொரு குழுவுக்கும், அதே பகுதியில இருக்கற இன்னொரு கலைக் குழு சிபாரிசு எழுதணுமாம். தெருவுக்குத் தெரு குழு இருக்கற இடத்துக்கு அது சரி. இங்க இருக்கறதே உங்க நாடகக் குழுவும் எங்க பாட்டுக் குழுவும்தான். ரெண்டுக்கும் சேத்து ஒரே ஹாலு. வழியில பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறவங்க, வருஷத்துக்கு ஒரு நாள் ஒருத்தர ஒருத்தர் தலையில தூக்கி வச்சு எழுதணும்.

போன வருஷம் உங்களப் பத்தி நான் என்ன எழுதுனேன், ஞாபகம் இருக்கா? நேரம் தவறாதவர்கள், பொதுச் சொத்தைத் தம் சொத்தாக மதிப்பவர்கள். எழுதறப்ப எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. தம் சொத்தாத்தான் மதிக்கறீங்க, அதுல பொய் ஒண்ணும் இல்ல. ஹால் ஸ்டூலு இன்னும் உங்க வீட்டு மாடியிலதான் கிடக்குன்னு கேள்விப்பட்டேன். நீங்க எங்களப் பத்தி என்ன எழுதுனீங்க? தென்றலாய் வருடும் குரல்கள். எங்க தபால்காரர் அடித்தொண்டையில ஆரம்பிச்சா ஜன்னல் கண்ணாடி அதிரும். தென்றலாம் தென்றல்.

சரி, உங்க அப்ளிகேஷனுக்கு வருவோம். முதல் பக்கம் படிக்கறப்பவே வயிறு எரிஞ்சுபோச்சு எனக்கு. கலை என்றால் என்னவென்றே அறியாத மக்கள் வாழும் பகுதின்னு எழுதியிருக்கீங்க. யாரு சார் அது? நானா, தபால்காரரா, நர்ஸம்மாவா? நீங்க இந்த ஏரியாவுக்குக் குடி வர்றதுக்கு முன்னாடியே நாங்க ஹால்ல பாடிட்டிருந்தோம். அப்புறம் என்னமோ ஒரு வரி. மாலை வேளைகளில் மக்கள் செய்வதறியாது தெருவோரம் நிற்கிறார்கள். அது பஸ் ஸ்டாப்பு சார். பஸ்ஸுக்கு நிக்கறாங்க. உங்க கலை வந்து அவங்கள எங்க கூட்டிட்டுப் போகப் போகுது, டிப்போவுக்கா?

எங்களுதுலயும் அப்படித்தான் எழுதியிருக்கோமா? ஓ, படிக்கலன்னு நெனச்சேன், படிச்சிருக்கீங்க. நாங்க எழுதுனது வேற. தனிமையில் வாடும் மக்கள்னு எழுதுனோம். அதுல யாருக்கு என்ன அவமானம். எந்த வீட்டுக் கதவத் தட்டிக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவாங்க.

இல்ல, அதுக்காக இல்ல. நாற்காலிக்காகவும் இல்ல. பொறுங்க, சொல்றேன். இந்தக் கோட்டுக் காலர மட்டும் முடிச்சுடறேன்.

அதென்ன சார் அது, பேச்சே இல்லாத நாடகம்? ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்களாம். உடலே மொழி, மௌனமே வசனம். இத எழுதறப்ப உங்களுக்கே கூச்சமா இல்லையா? நாடகம்னா பேசணும் சார். ஒருத்தன் ஒண்ணு சொல்லணும், இன்னொருத்தன் அதுக்கு வெடுக்குன்னு பதில் சொல்லணும், கேக்கறவன் சிரிக்கணும். எல்லாரும் கறுப்பு பனியனப் போட்டுக்கிட்டு, இல்லாத கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு, இல்லாத கயித்தப் புடிச்சு இழுத்துக்கிட்டு... அத யாரு பாப்பா? டிக்கெட் இல்லன்னாலும் யாரும் வர மாட்டாங்க.

தெரியும் தெரியும். இந்த வருஷம் அவங்க தலைப்பு மொழி கடந்த கலை. இங்க பல பாஷைக்காரங்க இருக்காங்க, எல்லாருக்கும் புரியணும், அதனால பேச்சில்லாம இருந்தா நிதி சுலபமா கிடைக்கும். போன வருஷம் அவங்க தண்ணி சிக்கனம்னு தலைப்பு வச்சாங்க, உடனே நீங்க கூரை ஒழுகற நாடகம் போட்டீங்க. அதுக்கு முந்தி முதியோர் நலம்னாங்க, உங்க ஆளுங்க அத்தன பேரும் தலையில மாவக் கொட்டிக்கிட்டு வந்து நின்னாங்க. அடுத்த வருஷம் அவங்க குதிரைன்னு தலைப்பு வச்சா, நாலு கால்ல வருவீங்க.

நாங்க மட்டும் என்னவா? ஆமா, நாங்களும்தான் மாத்துனோம். இல்லன்னு சொல்லலியே. வார்த்தையே இல்லாம, உம்முன்னு ஹம்மிங் மட்டும் பண்ற மாதிரி ஒரு பாட்டு போட்டிருக்கோம். வயித்துப் பொழப்பு, ஹால் வாடகை கட்டணும். ஆனா சத்தம் வருதுல்ல. மூச்சு வருது, குரல் வருது, இது நர்ஸம்மா, இது பேக்கரிக்காரர்னு இருட்டுல கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாலும் தெரியும். உங்களுதுல என்ன தெரியும்?

வாங்கம்மா. துண்டுச் சீட்டு இருக்கா? இல்லையா, பரவால்ல. திரைச்சீலைதானே, மஞ்சப்பூ போட்டது. அது நாளைக்குத்தாம்மா ஆகும், இன்னும் காயல. இல்லம்மா, சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. இவரு நாடக டைரக்டரு, பேசிட்டிருக்கோம். ஆமா, அவரேதான். அந்தக் கூரை ஒழுகற நாடகம். பாத்தீங்களா? நல்லா இருந்துச்சா? இவர் காதுல விழற மாதிரி சொல்லாதீங்க, ஏற்கெனவே தரையில கால் படல. சரிம்மா, நாளைக்கு வாங்க.

அந்தம்மா சொன்னதக் கேட்டீங்களா? அந்த வீட்டு ஓனர் வேஷம் போட்டவர் பேசுனதுதான் இன்னும் ஞாபகம் இருக்காம். உங்க லைட்டிங்கும் இல்ல, உங்க குறியீடும் இல்ல. வீட்டு ஓனரு.

நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரியாதா, அது எங்க வீட்டுக்காரர், என் புருஷன்தான்னு. அது வேற கதை. அவர உங்க கூட்டத்துல சேத்துக்கிட்டீங்களே, அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? எங்க குழுவுல பின் வரிசையில நின்னு பாடிக்கிட்டிருந்த மனுஷன். ஒரு செவ்வாய்க்கிழமை எங்ககூட நிக்கறாரு, அடுத்த வியாழக்கிழமை உங்ககூட உக்காந்து வசனம் மனப்பாடம் பண்றாரு. ஆள் புடிக்கறதுல உங்களுக்கு இருக்கற சாமர்த்தியம் நாடகம் எழுதறதுல இருந்திருந்தா எங்கயோ போயிருப்பீங்க.

அவரா வந்தாரா? அப்படித்தான் சொல்லுவீங்க.

யாரு, நானா துரத்துனேன்? அவர் சொன்னாரா அப்படி? சொல்லலியா. பின்ன யாரு, பேக்கரிக்காரரா? அந்த ஆளுக்கு ரொட்டி வேகறதுக்குள்ள ஊர்க்கதை பேசியாகணும். சரி, கேட்டுக்கங்க, அதையும் நானே சொல்லிடறேன்.

அவர் எங்கள விட்டுப் போன வருஷம் அறக்கட்டளையிலேர்ந்து ஒரு அம்மா எங்களப் பார்வையிட வர்றதா இருந்துச்சு. அவங்க வந்து கேட்டுட்டு நல்லா எழுதுனாத்தான் நிதி. எங்க வீட்டுக்காரருக்குக் குரல் பெருசு, உங்களுக்கே தெரியும். ஆனா சுருதி சேராது. நாங்க எல்லாரும் ஒரு பக்கம் போனா அவர் மட்டும் தனியா ஒரு பக்கம் போவாரு, அதுவும் சந்தோஷமாப் போவாரு. சாதாரண நாள்ல விட்டுடுவேன். அன்னைக்கு விட முடியுமா? குழுவ நடத்தறவ நான். ஒத்திகையில எல்லாரையும் நிறுத்திட்டுச் சொன்னேன், நீங்க இன்னைக்கு வாயை மட்டும் அசைங்க, சத்தம் வேணாம்னு.

இதுல என்ன தப்பு? எந்தப் பாட்டுக் குழுவுல இது நடக்கல? சுருதி சேராதவங்கள வாயை மட்டும் அசைக்கச் சொல்றது எல்லா இடத்துலயும் இருக்கறதுதான். பேக்கரிக்காரர் சிரிச்சாரு, நர்ஸம்மாவும் சிரிச்சாங்க, அது என் தப்பா? அவரு சரின்னாரு. பின் வரிசையில போய் நின்னாரு. அந்தம்மா வந்தாங்க, நாங்க பாடுனோம், அவரு ஒரு வார்த்தை விடாம வாயை அசைச்சாரு. அவ்வளவு சரியா அசைச்சாரு. பாடுனப்பகூட அவருக்கு அவ்வளவு சரியா வந்ததில்ல.

அந்தம்மாவா? அத ஏன் கேக்கறீங்க. அவங்க பாட்டக் கேக்கவே இல்ல. தீயணைக்கற சிலிண்டர் எங்க மாட்டியிருக்குன்னு கேட்டாங்க, சக்கர நாற்காலி ஏறற சரிவ போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க. பாட்டு பாதியில இருக்கறப்பவே வாசல்ல நின்னு போன்ல பேசிட்டிருந்தாங்க. நிதி வந்துடுச்சு.

இன்னைக்கும் அதையேதான் சொல்லுவேன். சேரலன்னா சேரலதான். புருஷன்ங்கறதுக்காக சுருதி மாறுமா? அந்தக் கோவத்துல உங்ககிட்ட வந்தாரு. வந்தவருக்கு நீங்க வசனம் குடுத்தீங்க. குடுத்தீங்கல்ல, அத ஏன் இப்ப புடுங்கறீங்க?

புடுங்கறதுதான். வேற என்னன்னு சொல்றது. அந்த மனுஷன் பேசறதுக்குன்னே பொறந்தவர். கூரை ஒழுகுது கூரை ஒழுகுதுங்கறியே, ஒழுகற தண்ணிக்கு நான் வாடகை கேட்டேனான்னு ஒரு இடம் வருமே. கேட்டேனான்னு சொல்லிட்டு உடனே அடுத்ததுக்குப் போக மாட்டாரு. தொண்டையக் கனைச்சுக்கிட்டு, ஜனங்க சிரிச்சு முடிக்கற வரைக்கும் நிப்பாரு. அப்புறம் மெதுவா, குளிக்கறதுக்குக் குழாய்க்குக் காசு, கூரைக்கு நான் காசு கேக்கலப்பா, அனுபவின்னு சொல்லுவாரு. நூலகத்துல போட்டப்ப அனுபவிக்கு பதிலா வாழ்ந்துக்கோன்னு மாத்திட்டாரு. அது அவ்வளவு எடுபடல. மறுபடியும் பழசுக்கே போயிட்டாரு. நல்லவேளை.

எனக்கு எப்படித் தெரியுமா? என்ன கேள்வி இது. ஹால் சாவி என்கிட்ட இருக்கு, நாடகம் முடிஞ்சு லைட்ட அணைக்கணும், வர்றேன். கதவுக்கிட்ட நின்னா காதுல விழத்தானே செய்யும்.

நூலகத்துச் சாவி என்கிட்ட இல்லதான். அன்னைக்கு அங்க எனக்கு வேலை இருந்துச்சு. புத்தகம் எடுக்கப் போனேன். என்ன சிரிப்பு? நான் புத்தகம் படிக்கக்கூடாதா? பள்ளிக்கூட மைதானத்துக்கும் வந்தேன், சரி, வந்தேன். மழை பெஞ்சுச்சு, நாடகத்த நிறுத்திட்டீங்க, நனைஞ்சுக்கிட்டே திரும்பிப் போனேன். அதுக்கு என்ன இப்ப? பொது இடத்துல போடற நாடகம், யார் வேணும்னாலும் பாக்கலாம். நீங்களே அப்படித்தான் அப்ளிகேஷன்ல எழுதியிருக்கீங்க, அனைவரும் இலவசமாகக் கண்டு களிக்கலாம்னு. களிச்சேன்.

இந்தப் புது நாடகத்துல அவருக்கு என்ன வேஷம்? கடிகாரம் ரிப்பேர் பண்றவரு. படிச்சேன். ஒரு மேஜைக்கு முன்னாடி உக்காந்து, இல்லாத கடிகாரத்த, இல்லாத ஸ்குரூடிரைவர வச்சுத் திருகிட்டே இருக்கணும். கடைசியில எழுந்து போயிடணும். அவ்வளவுதான். இதுக்கு எதுக்கு சார் அந்தக் குரல்? யார் வேணும்னாலும் திருகலாமே.

சரி, நான் நேரா விஷயத்துக்கு வர்றேன். உங்களுக்கும் நேரம் ஆகுது. ஒரே ஒரு வசனம். அவருக்கு ஒரே ஒரு வசனம் குடுங்க, நான் இப்பவே கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் குடுக்கறேன். பெருசா ஒண்ணும் வேணாம். மணி என்னாச்சு, அவ்வளவு போதும். கடிகாரக்காரர்தானே, கேக்கலாமே. இல்லன்னா கதவ சாத்துங்க, காத்து வருதுன்னு சொல்லட்டும். எல்லாரும் மௌனமா இருக்கறப்ப ஒருத்தர் மட்டும் சட்டுன்னு பேசுனா அது எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க. நீங்க அதுக்கும் ஏதாவது பேர் வச்சு ரெண்டு பக்கம் எழுதிடுவீங்க.

முடியாதா? ஏன் முடியாது? அறக்கட்டளைக்காரங்களா வந்து வாயப் பொத்தப் போறாங்க? அவங்க வந்தா சிலிண்டரத் தேடிக்கிட்டுத்தான் போவாங்கன்னு இப்பதானே சொன்னேன்.

என்ன? என்ன சொன்னீங்க? இருங்க, இந்த மெஷின நிறுத்தறேன், காதுல விழல.

யாரு?

அவரா சொன்னாரு? பேச்சில்லாத நாடகம் போடலாம்ங்கற யோசனையே அவரோடதா? பொய் சொல்லாதீங்க. கையெழுத்துக்காக என்ன வேணும்னாலும் சொல்லுவீங்க நீங்க. உங்க ஆளுங்க எல்லாரும் இருந்தாங்களா அப்ப? சாட்சி வேற வச்சிருக்கீங்க. தலைப்பு வர்றதுக்கு முன்னாடியேவா? அப்ப நிதிக்காக இல்ல.

என்ன காரணம் சொன்னாரு?

போதும்னு மட்டும் சொன்னாரா. பேசுனது போதும்னு. அவ்வளவுதானா.

ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லுங்க. நான் பின்னாடி கதவுக்கிட்ட நிக்கறது அவருக்குத் தெரியுமா? எப்படித் தெரியும், அங்கதான் இருட்டா இருக்கே, மேடையிலேர்ந்து பாத்தா அந்த லைட்டுல எதிர்ல ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லுவாங்களே. தெரியுமா. அத்தன தடவையுமா. நூலகத்துலயுமா. மழையில நனைஞ்சுக்கிட்டுப் போனதையும் பாத்தாரா.

ஒண்ணுமில்ல. நீராவி கண்ணுல பட்டுடுச்சு. நிறுத்துனாலும் கொஞ்ச நேரத்துக்கு வந்துட்டுத்தான் இருக்கும். நீங்க நில்லுங்க.

குடுங்க அந்தப் பேப்பர. பேனாவையும்தான், பேனா இல்லாம எதால போடுவேன்? எங்க, இங்கயா? இந்தச் சிபாரிசு வரியெல்லாம் நீங்களே எழுதிட்டு வந்துட்டீங்களா. ஒத்துழைப்பு மிக்க குழு. இருக்கட்டும், அடிக்க மாட்டேன். அந்த பஸ் ஸ்டாப்பு வரிய மட்டும் எடுத்துடுங்க, கண்ணுல குத்துது. முத்திரை அந்த டிராயர்ல இருக்கு, பொத்தான் டப்பாவுக்குப் பின்னாடி. எடுத்துக் குடுங்க.

இல்ல, வசனம் வேணாம். நீங்க எழுதிக் குடுத்து, அவர் எல்லார் முன்னாடியும் மாட்டேன்னு தலையாட்டி, அந்த மரியாதை வேற எனக்கு வேணாம். உங்க நாடகத்த எப்படிப் போடணுமோ அப்படியே போடுங்க. முன் வரிசையில மட்டும் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைங்க, நடுவுல. இந்தத் தடவ கதவுக்கிட்ட நின்னாச் சரிப்படாது. நம்ம ரெண்டு குழுவும் ஒண்ணாயிடுச்சுன்னு ஊர்ல நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும், நான் உங்க பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். அவரு பாக்கட்டும். மூஞ்சிக்கு நேரா உக்காந்திருக்கேன், திருகட்டும் அந்தக் கடிகாரத்த.

எதுக்கா? பேச்சில்லாத நாடகத்த தூரத்துலேர்ந்து என்னத்தப் பாக்கறது. இத்தன நாளா நான் பாக்கவா வந்தேன், கேக்கத்தான் வந்தேன். அதுக்குக் கதவுக்கிட்ட நின்னாப் போதும். அவரு வீட்ல பேசறதில்ல, தம்பி. வாயை மட்டும் அசைங்கன்னு சொன்னேனே, அன்னைக்குச் சாயங்காலத்துலேர்ந்து. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. சாப்பிடறாரு, குப்பையக் கொண்டுபோய்க் கொட்டறாரு, ராத்திரி நான் இருமுனா எழுந்து ஜன்னலச் சாத்தறாரு. பேச்சு மட்டும் கிடையாது. போன் வந்தாக்கூட எடுத்துட்டு மாடிப்படிக்குப் போயிடுவாரு. எங்க வீட்டுக்காரர் குரல நான் உங்க நாடகத்துலதான் கேட்டுட்டிருந்தேன். சரி, முத்திரை காஞ்சுடுச்சு, மடிக்காம எடுத்துட்டுப் போங்க. ஆபீஸ் மூடிடப் போறாங்க.